போட்டோ சிகிச்சை ஆகாது

சாந்தோ தொமிங்கோவில் கோன்ச்சோ என்கிற ஷேர் டாக்சி ஓட்டுகிறவருக்குப் பிரேக் இல்லாவிட்டாலும் பொழுது ஓடிவிடும். எத்தனையோ பேருக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கதவுக்குக் கைப்பிடி கிடையாது, சைலன்சர் எந்தத் தெருவில் விழுந்ததோ தெரியாது, ஜன்னல் கண்ணாடி இருந்த இடத்தில் அட்டை. இதையெல்லாம் அங்கே யாரும் ஒரு குறையாகச் சொல்வதில்லை. ஆனால் கழுத்து வேண்டும். கழுத்து திரும்பாத ஆள் அந்த ஊர் நாற்சந்தியில் வண்டியை விடுவதும் கண்ணை மூடிக்கொண்டு கடலில் குதிப்பதும் ஒன்றுதான்.

நிக்கனோருக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் கழுத்து இடப்பக்கம் திரும்ப மறுத்துவிட்டது. வலப்பக்கம் போனது. மேலே, கீழே, ஏதோ கொஞ்சம். இடப்பக்கம் மட்டும், ஊஹூம். காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. கோன்ச்சோவில் பின்சீட்டில் நாலு பேர், முன்சீட்டில் ஓட்டுகிறவரோடு சேர்த்து மூன்று பேர். அந்த ஊரில் ஸ்டியரிங் இடப்பக்கம். அந்த மூன்றாவது ஆளுக்கு இடம் விட்டு விட்டு, இருபது வருஷமாகப் பாதி உடம்பைக் காருக்குள்ளும் மீதியைக் கதவின் மேலும் வைத்து ஓட்டியவர் நிக்கனோர். இடது தோள் காதுவரை ஏறிப்போய் அங்கேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு கட்டி, கோலிக்குண்டு அளவுக்கு. அதைத் தொட்டால் இடது கண்ணுக்குப் பின்னால் மின்னல் வெட்டியது.

மனைவி மிர்த்தா ஒரு பாட்டில் பே ரம் தைலத்தை முழுக்க அதில் தேய்த்துப் பார்த்தாள். கட்டி அசையவில்லை. கார் முழுவதும் முடிவெட்டும் கடை வாசனை அடித்ததுதான் மிச்சம்.

அதற்காக வீட்டில் உட்கார முடியுமா? நிக்கனோர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஓட்டுநருக்குப் பின்னால் உட்காருகிறவர் யாரோ அவர்தான் இனிமேல் இடது கண்.

"பின்னால யாரும்மா உக்காந்திருக்கீங்க? இடப்பக்கம் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"பஸ்ஸு ஒண்ணு வருது. தூரத்துல. போங்க போங்க... ஐயையோ, நில்லுங்க! பஸ்ஸுக்குப் பின்னால மோட்டார்சைக்கிள். அதுல நாலு பேரு. கேஸ் சிலிண்டர் வேற வச்சிருக்காங்க."

"கதை சொல்லாதீங்கம்மா," என்றார் பக்கத்தில் நசுங்கிக்கொண்டிருந்தவர். "வருதா, வரலையா? அதை மட்டும் சொல்லுங்க."

"ஏன், நீ சொல்லேன். உனக்கும் ரெண்டு கண்ணு இருக்குல்ல?"

இருவரும் சண்டையை முடிப்பதற்குள் மோட்டார்சைக்கிள்காரர்கள் நாலு பேரும் நிக்கனோரின் அம்மாவைப் பற்றி ஆளுக்கொரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பதிலுக்கு அந்தப் பக்கம் திரும்பித் திட்டக்கூட அவரால் முடியவில்லை. அதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது.

விஷயம் ஓட்டுநர் சங்கத் தலைவர் மமேர்த்தோ காதுக்குப் போயிற்று. மமேர்த்தோ வாயில் பல்குத்தும் குச்சி இல்லாமல் யாரும் பார்த்ததில்லை.

"நிக்கனோரு, உன்மேல எனக்கு ஒண்ணும் கெடையாதுப்பா. ஆனா நேத்து ஒரு பெரியவர் உன் வண்டியிலேருந்து எறங்கி வந்து, டிரைவருக்குக் கண்ணு தெரியலன்னு சொல்லி என் சட்டையைப் புடிச்சு அழுதாரு."

"கண்ணு நல்லாத் தெரியுது தலைவரே. தெரியிற பக்கம் பாக்குறேன், அவ்வளவுதான்."

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பொறுக்குறேன். கைச்சிகிச்சை நிறுவனத்துக்குப் போ. கழுத்து நல்லா இருக்குன்னு சர்டிபிகேட் வாங்கிட்டு வா. இல்லேன்னா வண்டி மேல இருக்குற நம்பரை அழிச்சிட்டு அடுத்த ஆளுக்குக் குடுத்துருவேன். வரிசையில எத்தன பேரு நிக்கிறான்னு உனக்கே தெரியும்."

தெரியும். கூரையில் எழுதிய அந்த நம்பருக்காக நிக்கனோர் தன் வாலிபத்தில் பாதியைக் காத்திருப்பதிலேயே கழித்தவர். நம்பர் இருந்தால்தான் அந்தச் சாலையில் ஆள் ஏற்றலாம். நம்பர் போனால் கார் கோழி அடைக்கத்தான் லாயக்கு. வீட்டில் அடுப்பு எரிவது அந்த நம்பரால்தான். ஆகவே மறுநாளே கிளம்பினார்.

தேசியக் கைச்சிகிச்சை நிறுவனம் ஒரு பெரிய வெள்ளைக் கட்டடம். 'மருந்தில்லை, கத்தியில்லை, கை மட்டுமே' என்று வாசலில் பித்தளையில் பொறித்திருந்தார்கள். அதன் கீழே ஆள் உயரத்துக்கு இரண்டு பளிங்குக் கைகள். கைகளுக்குக் கீழே 'தொடாதீர்கள்' என்று ஒரு பலகை. யாராவது தொட்டுவிடப் போகிறார்களே என்று பார்த்துக்கொள்ள ஒரு காவலாளி.

உள்ளே கூடத்தில் கழுத்து பிடித்தவர்கள் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாருடைய முறை வந்தது என்று காட்டும் மின்பலகை அவர்களுடைய முதுகுக்குப் பின்னால், இடது மூலையில், கூரையை ஒட்டி இருந்தது. கட்டும்போது மின்கம்பி அங்கேதான் வெளியே வந்ததாம். நாற்காலிகளைத் திருப்பிப் போடலாமென்றால் அவை தரையோடு சேர்த்து முடுக்கப்பட்டிருந்தன. நோயாளிகளின் பாதுகாப்புக்காக.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த நிக்கனோர், காருக்குப் போய்ப் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தார். அது எப்படியும் கழன்றுதான் கிடந்தது. அதை முகத்துக்கு நேரே பிடித்ததும் பலகை பளிச்சென்று தெரிந்தது. கையிலிருந்த சீட்டு 55. கண்ணாடியிலும் 55. எழுந்து போய்விட்டார். உண்மையில் பலகையில் இருந்தது 22. கோடு கோடாக எரியும் அந்த எண்களைக் கண்ணாடியில் பார்த்தால் இரண்டு ஐந்தாகத் தெரியும். பக்கத்தில் 22 வைத்திருந்த பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி அந்தக் கண்ணாடியைக் கடன் வாங்கி வைத்துக்கொண்டாள். பலகையில் நிஜமாகவே 55 வந்தபோது அவள் எழுந்து போனாள். நிறுவனத்தின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

உள்ளே டாக்டர் பால்தெமீரோ உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம், கெட்டியான டை. கையில் சிவப்பு ஒளி அடிக்கும் குட்டி விளக்கு.

"நான் கழுத்துத் துறை இயக்குநர். கழுத்துன்னா லேசா நெனைக்காதீங்க. இந்த தேசத்தோட தலை எதுமேல நிக்குது?"

"கழுத்து மேல, டாக்டர்."

"அந்தக் கழுத்து எதுமேல நிக்குது?"

நிக்கனோர் யோசித்தார். "தோள் மேல?"

டாக்டர் முகம் கறுத்தது. "என் மேல," என்றார். "சரி, எங்க வலிக்குது? கையை வச்சுக் காட்டுங்க."

நிக்கனோர் விரலைக் கட்டியின் மேல் வைத்தார். டாக்டர் எழுந்து வந்து, ஒரு முழம் தள்ளி நின்று, விளக்கை அதன் மேல் அடித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"அது என்னோட எடம் இல்லையே."

"என்னோட எடந்தானே டாக்டர்?"

"உங்க ஒடம்பு, சரி. நிர்வாகம்? இந்தத் தசை மண்டை ஓட்டுல ஆரம்பிக்குது, கழுத்து வழியா எறங்கித் தோள் முனைக்குப் போகுது. கட்டி திருப்பத்துல உக்காந்திருக்கு. கழுத்து என்னோடது. தோள் எதிர் அறையில இருக்குற அம்மாவோடது. நான் பாட்டுக்குக் கைய வச்சிட்டா நாளைக்கு அவங்க அதையே ஒரு ஆக்கிரமிப்புன்னு எழுதுவாங்க."

எதிர் அறை அம்மாவை வரவழைத்தார்கள். டாக்டர் கிரிசெல்தா, தோள் துறை இயக்குநர், சின்ன உருவம், கழுத்தில் அளவெடுக்கும் டேப். அவர் நிக்கனோரைப் பார்க்கவே இல்லை. நேராக முதுகுப் பக்கம் போனார்.

"காலர் எலும்புக்கு மேல ரெண்டு விரல் வரைக்கும் தோள்தான். முன்னாடி இருந்த இயக்குநர் காலத்துலயே முடிவான விஷயம்."

"யாரோட விரல்?" என்றார் பால்தெமீரோ.

"என்ன கேள்வி இது? என்னோட விரல்."

"ஒங்க விரல் சின்னது. அப்படின்னா கட்டி எனக்குத்தான் வரும்."

"இப்பத்தானே வேணாம்னீங்க?"

"வேணாம்னுதான் இப்பவும் சொல்றேன். ஆனா என்னோடதா இருந்து வேணாம்னு சொல்றது வேற."

ஒரு ஊதா மார்க்கர் பேனா வந்தது. நிக்கனோரின் சட்டையைக் கழற்றச் சொல்லி, கழுத்திலிருந்து தோள்வரை இருவரும் சேர்ந்து ஒரு கோடு போட்டார்கள். கோட்டை எல்லைக் குழு பார்வையிடும். குழு வியாழக்கிழமை கூடும். அதுவரை கோடு அழியக்கூடாது. கோட்டுக்குக் கீழே குளிக்கலாம்.

ஆகஸ்ட் மாதத்து சாந்தோ தொமிங்கோ. கோட்டுக்குக் கீழே மட்டும் குளித்த புருஷனை மிர்த்தா வீட்டு வாசலிலேயே நிறுத்தினாள்.

"யாரு ஒன் முதுகுல மேப் வரைஞ்சது?"

"நிறுவனத்துல போட்டாங்க. அழிக்கக்கூடாதாம்."

"வலிக்கு என்ன பண்ணாங்க?"

"வலி யாருக்குச் சொந்தம்னு பாக்குறாங்க."

"அட கஷ்டமே! ஒனக்கு இல்லாம வேற யாருக்காம்? நாத்தம் மட்டும் யாருக்குச் சொந்தம்னு கேட்டுட்டு வந்தியா?" மசித்த வாழைக்காயும் பொரித்த சலாமி இறைச்சியும் இருந்த தட்டை அவள் ஜன்னல் வழியாக நீட்டினாள். நிக்கனோர் வாசற்படியில் உட்கார்ந்து வலப்பக்கம் பார்த்தபடி சாப்பிட்டார்.

வியாழக்கிழமை குழு கூடியது. குழு என்றால் அதே இரண்டு பேரும் ஒரு தட்டச்சுக்காரரும். நிக்கனோரைத் திருப்பி உட்காரவைத்துப் பார்த்தார்கள்.

"கட்டி கோட்டைத் தாண்டி வந்திருக்கு!" என்றார் கிரிசெல்தா, லாட்டரி விழுந்தவர் போல. "தோள் பக்கம் வந்துடுச்சு."

நிக்கனோர் பெருமூச்சு விட்டார். தோள் ஏறி இறங்கியது.

"திரும்பக் கழுத்துக்கே போயிடுச்சு," என்றார் பால்தெமீரோ. "ஐயா, தயவு பண்ணி ஆழமா மூச்சு விடாதீங்க. நிர்வாகச் சிக்கல் வருது."

அடுத்த வியாழனுக்குத் தள்ளிவைத்தார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்த நிக்கனோருக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. ஐம்பது வயதுக்கு மேல் ஆன மனிதர், சுவரில் சாய்ந்து நின்று மூக்கை உறிஞ்சினார். நடைவழியின் ஓரத்தில் ஒரு பெண் துண்டுகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டையில் 'யொகாஸ்தா, கைச்சிகிச்சையாளர்' என்று எழுதியிருந்தது.

"கோன்ச்சோ ஓட்டுறீங்களா?" என்றாள்.

"எப்படிம்மா தெரியும்?"

"அந்தத் தோள் சொல்லுதே. கதவுல தொங்கிட்டே ஓட்டின தோளு. எங்க தெருவுல பாதிப்பேருக்கு இதான்."

"தாயி, நீ கையால சரி பண்ற ஆளா? அப்ப ஏன் துண்டு மடிக்கிற?"

யொகாஸ்தா இரண்டு பக்கமும் பார்த்தாள். "போன வருஷம் ஒரு பாட்டிம்மா வலி தாங்காமக் கத்தினாங்க. ரெண்டு டாக்டரும் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே கையை வச்சிட்டேன். பாட்டிக்குச் சரியாப் போச்சு. எனக்குத்தான் சரியில்லாமப் போச்சு. கையெழுத்து இல்லாம யாரையும் தொடக்கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க." அவள் விரல்கள் துண்டின் மடிப்பை அழுத்திக்கொண்டே இருந்தன. "படிச்சு முடிச்சு இங்க வந்ததுலேருந்து நான் அமுக்கினதெல்லாம் துண்டுதான். எனக்கு அரை மணி நேரம் குடுத்தாங்கன்னா..."

மேற்கொண்டு பேசவிடாமல் மணி அடித்தது. எல்லாரும் கூட்டுப் பயிற்சிக்கு வரவேண்டுமாம். கூட்டுப் பயிற்சியில் டாக்டர் கிரிசெல்தா ஒரு மேசைமேல் ஏறி நின்று பேசினார்.

"கையை உங்க கழுத்துக்கு மேல நாலு விரல் தள்ளி வச்சுக்கோங்க. தொட வேணாம். ஒரு கை உங்களைத் தொடறதா மனசுல நெனைங்க. இது எங்க நிறுவனமே உருவாக்கின முறை. பெருமையாச் சொல்றேன், நாங்க ஆரம்பிச்ச நாளிலேருந்து இன்னிக்கு வரைக்கும் எங்க சிகிச்சையால ஒரே ஒரு ஆளுக்குக்கூட காயம்னு புகார் வந்தது கெடையாது!"

முன்வரிசையில் ஒருவர் கேட்டார். "எப்படி டாக்டர்?"

"எப்படின்னா? நாங்க இன்னும் யாரையும் தொடலையே."

எல்லாரும் கைதட்டினார்கள். தட்டியபோது பாதிப்பேர் வலியில் ஆவென்று கத்தினார்கள். அதையும் தட்டச்சுக்காரர் ஆரவாரம் என்று குறித்துக்கொண்டார்.

மாதம் தேய்ந்துகொண்டே வந்தது. மமேர்த்தோ தினமும் ஸ்டாண்டில் நிக்கனோரைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார். அந்த நம்பருக்குக் காத்திருந்த ஆள் ஒருவர், கூரையில் எந்த நிறத்தில் எழுதலாம் என்று நிக்கனோரிடமே வந்து ஆலோசனை கேட்டார். நல்ல மனுஷன், மரியாதையாகத்தான் கேட்டார். நிக்கனோருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அமைச்சர் வருகிறார் என்று செய்தி வந்தது. நிறுவனத்தின் புதிய கூடத்தை அவர் திறந்துவைக்கப் போகிறார். கூடத்தின் பெயர் 'மக்கள் கரம்'. நிறுவனம் தலைகீழானது. நடைவழிக்கு வெள்ளையடித்தார்கள், பளிங்குக் கைகளுக்கு நகம் தேய்த்தார்கள். மேடையில் உட்காரவைக்க ஒரு நோயாளி வேண்டும். முதுகில் ஊதாக்கோட்டோடு இருந்த ஒரே ஆளை எல்லாருக்கும் ஞாபகம் வந்தது.

அன்று காலை மேடையில், சட்டை இல்லாமல், பூமாலைகளுக்கு நடுவில் நிக்கனோர் உட்கார்ந்திருந்தார். மைக், கேமரா, இராணுவ இசைக்குழு. அமைச்சர் வந்து தன் கையை நிக்கனோரின் கழுத்தில் வைத்தார். பே ரம் வாசனையும் கோட்டுக்கு மேலே குளிக்காத வாசனையும் சேர்ந்து வந்ததும் கையை எடுத்துக்கொண்டு நேராக மைக்குக்குப் போய்விட்டார்.

நிறுவனத்துப் போட்டோக்காரர் துலியோ பதறிப்போனார். "டாக்டர், படம் விழல! கழுத்துல கை இருக்குற படம்தான் பேப்பர்காரங்க கேக்குறாங்க."

பால்தெமீரோ தன் கையை வைத்தார். "செத்த கோழியைத் தொடற மாதிரி இருக்கு டாக்டர்," என்றார் துலியோ. கிரிசெல்தா வைத்தார். "அம்மா, சூடு பாக்குற மாதிரி இருக்கு. வேலை செய்யிற கை வேணும். அமுக்குற கை."

இரண்டு இயக்குநர்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். துண்டு அடுக்கோடு மேடை ஓரமாக நின்ற யொகாஸ்தாவைப் பார்த்தார்கள்.

"கையெழுத்து இல்லையே," என்றார் கிரிசெல்தா.

பால்தெமீரோ ஒரு நிமிஷம் யோசித்தார். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே பயனுள்ள வாக்கியம் அப்போதுதான் வந்தது. "போட்டோ சிகிச்சை ஆகாது. போட்டோவுக்குக் கையெழுத்து தேவையில்லை."

"எவ்வளவு நேரம் டாக்டர் கையை வச்சிருக்கணும்?" என்று கேட்டாள் யொகாஸ்தா. முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

"படம் நல்லா வர்ற வரைக்கும்."

அவள் துண்டுகளைக் கீழே வைத்தாள். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கினாள். ஒரு கையால் நிக்கனோரின் நெற்றியைத் தாங்கிக்கொண்டு, மறு கைப் பெருவிரலைக் கட்டியின் மேல், ஊதாக்கோட்டின் நட்டநடுவில் வைத்து, மெல்ல உள்ளே இறக்கினாள்.

நிக்கனோருக்கு இடது கண்ணுக்குப் பின்னால் மின்னல் வெட்டியது. "ஐயோ..."

"அதேதான். பொறுத்துக்கோங்க, மூச்சு விடுங்க. நல்லா ஆழமாவே விடுங்க."

மைக்கில் அமைச்சர் பேசிக்கொண்டிருந்தார். "அரசாங்கத்தின் கை நீளமானது! அது ஒவ்வொரு குடிமகனின் கழுத்தையும் எட்டும்!"

பெருவிரல் அசையாமல் அப்படியே நின்றது. எதுவும் செய்யவில்லை, அழுத்திக்கொண்டு காத்திருந்தது. கட்டி முரண்டுபிடித்தது. பிறகு வெயிலில் வைத்த வெண்ணெய் போல ஓரத்திலிருந்து இளக ஆரம்பித்தது. துலியோ ஒரு படம் எடுத்தார். "வெளிச்சம் பத்தல," என்று யாரும் கேட்காமலேயே சொன்னார். அவருக்கும் கழுத்து இருந்தது. நாளெல்லாம் கேமராவைத் தொங்கவிட்ட கழுத்து. நடப்பது என்னவென்று அவருக்குப் புரிந்துவிட்டது. "இன்னொண்ணு. அந்தப் பக்கம்."

யொகாஸ்தா அந்தப் பக்கம் போனாள். மண்டைக்குக் கீழே இருக்கும் குழிகளில் விரல்நுனிகளை வைத்துத் தலையைத் தாங்கிக்கொண்டாள். பத்துக் கிலோ அரிசியை யாரோ தலையிலிருந்து இறக்கி வைத்தது போலிருந்தது நிக்கனோருக்கு. தோள்பட்டையின் உள்முனையிலிருந்து கழுத்துவரை ஒரு நரம்பு போல முறுக்கி நின்ற தசையைக் கண்டுபிடித்து, அதன் போக்கிலேயே நீவிவிட்டாள்.

"இப்ப தலையால என் கையைத் தள்ளுங்க. பலமா வேணாம். ஈ உக்காந்தா தள்ளுவீங்கல்ல, அவ்வளவுதான். ஆங்... விடுங்க. இப்ப நான் கொண்டுபோறேன், நீங்க சும்மா வாங்க."

தலை போனது. இடப்பக்கம். கொஞ்சம். மறுபடி தள்ளி, மறுபடி விட்டு, இன்னும் கொஞ்சம்.

"கேமரா மக்கர் பண்ணுது, ஒரு நிமிஷம்," என்றார் துலியோ.

அமைச்சர் முடித்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அத்தனை நேரமும் பால்தெமீரோ பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். கைதட்டல் எழுந்தது. நிக்கனோர் கன்னமெல்லாம் கண்ணீரோடு மெதுவாக இடப்பக்கம் திரும்பினார். அங்கே ஒரு தென்னைமரம் நின்றது. சாதாரணத் தென்னைமரம். அதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பை மிர்த்தா கல்யாணத்தன்றுகூடப் பார்த்திருக்க மாட்டாள்.

மறுநாள் முழுக்கக் குளித்துவிட்டு, சர்டிபிகேட் வாங்க நிறுவனத்துக்குப் போனார்.

"தர முடியாது," என்றார் பால்தெமீரோ. "உங்களுக்கு இன்னும் சிகிச்சையே ஆரம்பிக்கல. சிகிச்சை ஆகாத கழுத்து நல்லா இருக்குன்னு எப்படி எழுதுறது?"

"திரும்புது டாக்டர். பாருங்க." இடப்பக்கம், வலப்பக்கம், இடப்பக்கம்.

"பாக்குறேன். பாக்க முடியுது. ஒத்துக்க முடியல. இதை நான் ஒத்துக்கிட்டா நாளைக்கு எவன் வேணும்னாலும் நாங்க இல்லாமலே கொணமாகி வந்து நிப்பான். ஒண்ணு செய்யுங்க. வலியோட வாங்க. குழு கூடட்டும். சிகிச்சை குடுக்குறோம். அப்பறம் சர்டிபிகேட் கேளுங்க."

"வலிக்கு நான் எங்க போவேன் டாக்டர்?"

"அது நோயாளியோட பொறுப்பு."

யொகாஸ்தாவுக்கும் அன்றே தண்டனை வந்தது. போட்டோ முடிந்த பிறகும் கையை எடுக்காத குற்றத்துக்காக அவளைச் சிகிச்சைப் பிரிவிலிருந்தே நீக்கி, நடைவழிக் கடைசியில் துடைப்பம் வைக்கும் அறையில் புதிதாகத் தொடங்கிய புகைப்படப் பிரிவுக்கு மாற்றினார்கள். துலியோதான் பிரிவின் தலைவர். அவள் உதவியாளர்.

அடுத்த நாள் காலை நிக்கனோர் வாய் சும்மா இருக்கவில்லை. ஸ்டாண்டில் கதவில் தொங்கி ஓட்டும் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார். பத்து மணிக்குள் புகைப்படப் பிரிவின் வாசலில் வரிசை.

"என்ன வேணும் ஒங்களுக்கெல்லாம்?" என்றார் காவலாளி.

"போட்டோ."

"எதுக்கு?"

"ஞாபகத்துக்கு."

தலையில் வாழைக்குலை சுமக்கும் பெண்கள் வந்தார்கள், வங்கியில் குனிந்தே எழுதுகிறவர்கள் வந்தார்கள், கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க வந்த பள்ளிக்கூட டீச்சரும் வரிசையில் நின்றுவிட்டாள். உள்ளே போகிறவர்கள் கோணலாகப் போய் நேராக வந்தார்கள். துலியோவின் கேமராவில் அந்த வாரம் முழுக்க பேட்டரி இல்லை. யாரும் கேட்கவில்லை. படம் வரவில்லை என்று ஒரு புகாரும் வரவில்லை.

மாதக் கடைசி நாள். மாலைக்குள் சர்டிபிகேட் வேண்டும். நிக்கனோர் ஆசைக்கு ஒரு கடைசி முயற்சியாக, இரண்டு துறைகளும் கையெழுத்துப் போடவேண்டிய, முத்திரை குத்திய சர்டிபிகேட் படிவத்தோடு வந்து, புகைப்பட அறை வாசலில் நின்றார். கதவு திறந்தது. உள்ளேயிருந்து டாக்டர் கிரிசெல்தா வெளியே வந்தார். முகம் சிவந்து, காலர் கசங்கி, தூங்கி எழுந்தவர் போல.

"பாஸ்போர்ட்டுக்கு," என்றார், யாரும் கேட்பதற்கு முன்பே. போகிற போக்கில் நிக்கனோர் நீட்டிய காகிதத்தில் தோள் துறை சார்பாகக் கையெழுத்துப் போட்டார். எதில் போடுகிறோம் என்று பார்க்கும் நிலையில் அவர் இல்லை. ரொம்ப நன்றாக இருந்தது போலிருக்கிறது.

மிச்சம் இருந்தது கழுத்து. அதுவும் தானாக நடந்து வந்தது. டாக்டர் பால்தெமீரோ, தலைவாரி, டையை இழுத்துக் கட்டி, தாடை கூரையைப் பார்த்தபடி நடைவழியில் மெல்ல மெல்ல வந்தார். முந்தைய நாள் அமைச்சகத்தில் ஆய்வுக் கூட்டம். காலையிலிருந்து மாலைவரை தலையாட்டியதில், கடைசி ஆமாமில் அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டது.

வரிசை சத்தமில்லாமல் வழிவிட்டது.

"ஒரு... போட்டோ," என்றார் டாக்டர், கூரையைப் பார்த்து.

"வாங்க டாக்டர், உக்காருங்க," என்றாள் யொகாஸ்தா. வெளியே நின்ற நிக்கனோரின் கையிலிருந்து காகிதத்தை வாங்கினாள். "முதல்ல இதுல ஒரு கையெழுத்து."

"என்ன அது?"

"கையிலதானே இருக்கு. குனிஞ்சு படிச்சுக்கோங்க டாக்டர்."

டாக்டர் குனியப் பார்த்தார், தாடை இறங்கவில்லை. பிறகு டாக்டர், கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அவள் பேனாவை வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

நிக்கனோர் காரை எடுத்துக்கொண்டு பறந்தார். நாற்சந்திகளில் இடப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார், தேவையில்லாத இடங்களிலும். ஸ்டாண்டில் மமேர்த்தோ பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்த இன்னொரு ஆள், பெயின்ட் டப்பாவும் பிரஷுமாக. மூச்சு வாங்க நிக்கனோர் காகிதத்தை நீட்டினார். மமேர்த்தோ இரண்டு கையெழுத்துகளையும் முத்திரையையும் தடவிப் பார்த்துவிட்டு அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"திரும்பிக் காட்டட்டுமா தலைவரே?" நிக்கனோர் கழுத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார்.

"எதுக்குப்பா?" மமேர்த்தோ பல்குத்தும் குச்சியை வாயின் மறுபக்கத்துக்கு மாற்றினார். "அதான் பேப்பர் இருக்கே. போ, போய் வண்டியை எடு, ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க."